சித்தம் கலங்கியோரும் செலவுக் கணக்கும்

வரலாறு என்றவுடன் நம் இளைஞர்கட்கு மன்னர்களும் படையெடுப்புகளும் கோட்டைகளும் நினைவுக்கு வருதல் இயல்பே. பாடநூல்கள் அவ்வாறு பழக்கிவிட்டன. ஆயினும் எளிய மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு நடத்தப்பெற்றனர் என அறிய விழைவோர் நாடவேண்டிய இடம் வேறொன்று உண்டு. அது பழைய கணக்கேடு. யாருக்கு எவ்வளவு உணவு, யாருக்கு எத்தனை முழம் துணி, கொடுத்தவர் யார், இடையில் எடுத்தவர் யார் என்பனவற்றை மெய்க்கீர்த்திகள் கூறா, கணக்கேடுகள் கூறும்.

நம் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலருக்கென நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே புதுமையானது எனச் சிலர் கருதக்கூடும். ஆங்கில நாட்டில் சித்த சுவாதீனம் இழந்தோரைப் பராமரித்த விடுதிகளின் பணம் எங்கிருந்து வந்தது, எவர் கையால் செலவாயிற்று என்பதே அப்பொருள். நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என வினவுவார்க்கு விடை இரண்டு. தமக்காகக் கணக்குக் கேட்க இயலாத ஒருவருடைய பணம் எங்ஙனம் ஆளப்படுகிறது என்பதைக் கொண்டே ஒரு நிருவாகத்தின் நேர்மையை அளந்துவிடலாம். மேலும், நம் நாட்டில் 1858-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டங்கள் அவ்விங்கிலாந்தின் அச்சிலேயே வார்க்கப்பெற்றவை. அதனைப் பின்னர்க் காண்போம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி எழுந்த ‘மன்னரின் தனியுரிமை’ பற்றிய சட்டத்தில் இப்பொருள் முதன்முதலாகத் தெளிவுபெறுகிறது. பிறவியிலேயே அறிவு வளராதவரின் நிலத்தை மன்னர் தம் பொறுப்பில் கொள்வார். அவருக்கு உணவும் உடையும் அளித்தது போக எஞ்சும் விளைவு மன்னருக்கே உரியது. இடையில் சித்தம் கலங்கியவரின் நிலையோ வேறு. அவர் நிலத்தின் வருவாயில் அவரையும் அவர் குடும்பத்தையும் காத்து, எஞ்சியதை அவர் தெளிவடையும் நாளுக்கென வைத்திருத்தல் வேண்டும். மன்னர் தமக்கென எதனையும் எடுத்தல் கூடாது. அறுநூறு, எழுநூறு ஆண்டுகட்கு முன்னர் இத்துணை நுட்பமான வேறுபாட்டைச் சட்டத்தில் பொறித்தமை வியக்கத்தக்கதே. ஆயினும் ஒன்றை உற்றுநோக்குக. சட்டம் பேசுவது நிலத்தைப் பற்றி. நிலம் இல்லாத பித்தனைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

1540-ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் இப்பொறுப்பு ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ்’ என்னும் நீதிமன்றத்திடம் சென்றது. இப்பெயர் நம்மவர்க்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1804-ஆம் ஆண்டின் ஐந்தாம் ஒழுங்குவிதிப்படி ஜமீன்களை மேற்பார்த்த அமைப்புக்கும் இதே பெயர்தான். இங்கிலாந்தில் 1660-இல் அந்நீதிமன்றம் முற்றாக ஒழிந்தபின், சொத்துள்ள பித்தர் லார்டு சான்சலரின் பாதுகாப்பில் வந்தனர். நடுவர் குழு ஒன்று கூடி, ‘இவர் சித்தம் கலங்கியவர்’ எனத் தீர்ப்பளித்தல் வேண்டும். அதன்பின் அவர் உடலைக் காக்க ஒருவரும், உடைமையைக் காக்க ஒருவரும் அமர்த்தப்பெறுவர். உடைமையைக் காப்பவர் ஜாமீன் கொடுத்து, முறைப்படி கணக்கும் ஒப்படைத்தல் வேண்டும். உடலைக் காப்பவரே வாரிசாகவும் இருப்பின், நோயாளர் விரைவில் மறைவதில் அவருக்கு ஆதாயம் உண்டன்றோ! அதனாலேயே இவ்விரு பொறுப்புகளும் பிரித்து வைக்கப்பெற்றன.

இவ்வளவு காவல் இருந்தும் செல்வர் தப்பினரா எனின், இல்லை. போர்ட்ஸ்மவுத் பிரபுவின் வழக்கு இதற்குச் சான்று. அவருடைய சொத்தைக் காக்க அமர்த்தப்பெற்ற பொறுப்பாளர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஹான்சன், 1814-ஆம் ஆண்டு தம் மகளையே அப்பிரபுவுக்கு மணமுடித்துவிட்டார். அத்திருமணத்தில் உடன் நின்றவர் புகழ்பெற்ற கவிஞர் பைரன்! 1823-இல் நடுவர் குழு பதினேழு நாள் விசாரித்து, 1809-ஆம் ஆண்டு முதலே அவர் சித்தம் தெளிவற்றவர் எனத் தீர்ப்பளித்தது. திருமணம் 1828-இல் செல்லாததாயிற்று. விசாரணைச் செலவு பெருஞ்செலவு. அது நோயாளரின் சொத்திலிருந்தே சென்றது. ஆகவே நடுத்தரச் சொத்துடையோர் இவ்வாயிலை நாடவே அஞ்சினர்.

இனி, நிலமற்றோரிடம் வருவோம்.

1601-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும், அதாவது தேவாலயத்தை நடுவாகக் கொண்ட ஊர் வட்டாரமும், தன் ஏழைகளைத் தானே காத்தல் வேண்டும். அதற்கென ஏழைவரி தண்டப்பெற்றது. 1714, 1744 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள், வெறிகொண்டு திரிவோரைப் பூட்டி வைக்க நீதிபதிகட்கு அதிகாரம் அளித்தன. செலவு யாருடையது? நோயாளருக்குப் பொருள் இருப்பின் அதனை விற்றுக் கொள்க. இல்லையேல் அவர் எந்தப் பாரிஷுக்கு உரியவரோ அப்பாரிஷ் கொடுக்க. இவ்விதியால் விளைந்த கூத்துகள் பல. பிறப்பால் ஓர் ஊர், தொழில் பழகியதால் ஓர் ஊர், மணத்தால் ஓர் ஊர் என உரிமை மாறும். மனைவிக்குக் கணவன் ஊரே ஊர். ‘இவர் எம்மவர் அல்லர்’ என இரு பாரிஷ்கள் நீதிமன்றம் ஏறும். வாரத்திற்குச் சில ஷில்லிங் மீதமாக வேண்டுமென்று வழக்குக்கு அவை பவுன் கணக்கில் செலவிட்டன. இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்க. தன் ஊர் எதுவெனச் சொல்லத் தெரியாத நோயாளி அவ்வழக்கு முடியும் வரை எங்கோ ஓர் அறையில் கிடப்பார்.

இலண்டனில் ‘பெட்லம்’ என வழங்கப்பெற்ற பெத்லகேம் மருத்துவமனை 1247-ஆம் ஆண்டு துறவியர் மடமாகத் தோன்றியது. அதன் 1398-ஆம் ஆண்டுப் பொருட்பட்டியலில் நான்கு இணைக் கைவிலங்குகளும் பதினொரு சங்கிலிகளும் இரண்டு தொழுமரங்களும் காணப்படுகின்றன. 1403-இல் அரசர் அனுப்பிய விசாரணையாளர் அங்குக் கண்ட பித்தர் அறுவர் மட்டுமே. அவ்வறுவர் பொருட்டு வந்த கொடையையும் மனையின் உடைமைகளையும் வாயிற்காப்பாளரான பீட்டர் என்பவர் கையாடியதையும் அவர்கள் கண்டனர். இருநூறு ஆண்டுகள் கழிந்தும் கதை மாறவில்லை. முதலாம் ஜேம்ஸ் மன்னரின் மருத்துவரும், உடற்கூற்று நூல் எழுதிப் புகழ்பெற்றவருமான ஹெல்கையா குரூக் 1619-இல் அதன் தலைவரானார். நோயாளர் பசியால் வாடினர். அவர் கணக்கு முறைப்படி வரவில்லை. 1633-இல் அவர் விலக்கப்பெற்றார். முன்னவர் வாயிற்காப்போன், பின்னவர் பெரும்படிப்பாளர். கையாடலுக்குக் கல்வித் தகுதி ஒரு பொருட்டன்று போலும்.

ஒரு நோயாளரை அங்குச் சேர்ப்போர் பிணைப்பத்திரம் எழுதித் தருதல் வேண்டும். உடைக்கும், இறந்தால் அடக்கத்திற்கும் தாம் பொறுப்பு என இருவர் கையொப்பமிட வேண்டும். சேர்க்கும்போதே அடக்கச் செலவைப் பேசும் பத்திரம் அது. பொதுமக்கள் வந்து நோயாளரை வேடிக்கை பார்ப்பதும், உண்டியலில் காசு இடுவதும் வழக்கமாயிருந்தன. 1770-ஆம் ஆண்டை ஒட்டித்தான் இது கட்டுக்குள் வந்தது.

தனியார் நடத்திய பித்தர் விடுதிகளோ வாணிகமாகவே நடந்தன. 1774-ஆம் ஆண்டின் சட்டம் அவற்றுக்கு உரிமம் வேண்டும் என்றது. இலண்டன் விடுதிகளை மருத்துவர் கல்லூரியினர் ஆண்டுக்கொரு முறை பார்வையிடுவர். குற்றம் கண்டால் என் செய்வர்? அவ்விடுதியின் பெயரை எழுதித் தம் கல்லூரி அறையில் தொங்கவிடுவர். உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் அவர்கட்கு இல்லை. மேலும், பணம் கொடுக்கும் நோயாளரைச் சேர்க்க மருத்துவர் சான்று வேண்டும். பாரிஷ் அனுப்பும் ஏழைக்கு அச்சான்றும் வேண்டாம்.

நம் கட்டுரையின் நடுவிடம் யார்க் நகரம். அங்கு 1777-ஆம் ஆண்டு நன்கொடையால் ஒரு காப்பகம் திறக்கப்பெற்றது. ஏழைகட்கும் நடுத்தர வகுப்பினர்க்கும் குறைந்த செலவில் உதவுவதே அதன் நோக்கம். நாளடைவில் அதன் மருத்துவர் ஹண்டர் வசதியுள்ள நோயாளரிடம் தனியே கட்டணம் பெறலானார். எவ்வளவு பெற்றார் என்பது எவருக்கும் தெரியாது. அவருக்குப் பின் வந்த பெஸ்ட் என்பவரும் அவ்வழியே சென்றார். வெளியார் எவரும் உள்ளே வரலாகாது என்பது அவர்கள் வகுத்த விதி. 1790-இல் ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் சமயப் பெண் அங்கு இறந்தார். அவரைக் காண வந்த சமயத்தார் அனுமதிக்கப்படவில்லை. மனம் நொந்த குவேக்கர், வில்லியம் டியூக் என்னும் தேயிலை வணிகரின் முயற்சியால் தம்முள் பணம் திரட்டி 1796-இல் ‘ரிட்ரீட்’ என்னும் தனி இல்லம் கண்டனர். சங்கிலியின்றி, அன்போடும் ஒழுங்கோடும் நோயாளரை நடத்தலாம் என அவ்வில்லம் உலகிற்குக் காட்டியது. சிறியதொரு சமூகம் சந்தாப் பணத்தால் இதனைச் செய்தது என்பது நம்மனையோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பழைய காப்பகமோ மேலும் பதினெட்டு ஆண்டுகள் அவ்வாறே நடந்தது. 1813-ஆம் ஆண்டில் காட்பிரே ஹிக்கின்ஸ் என்னும் மாஜிஸ்திரேட், தாம் அங்கு அனுப்பிய வில்லியம் விக்கர்ஸ் என்னும் ஏழையின் மனைவி உதவி கேட்டு வந்தபோது, அம்மனிதர் சவுக்கடி பட்டும் அழுக்கில் கிடந்தும் திரும்பியிருப்பதை அறிந்தார். செய்தித்தாளில் எழுதினார். காப்பகத்தின் நிருவாகக் குழு கூடி, தன்னைத் தானே விசாரித்துத் தான் குற்றமற்றது எனத் தீர்மானித்துக்கொண்டது. இவ்வகைத் தீர்மானங்களை நாமும் பல இடங்களில் கண்டிருக்கிறோம்!

அப்போது ஹிக்கின்ஸ் செய்த செயல் மிக எளியது. அவர் கலகம் செய்யவில்லை. காப்பகத்தின் விதிமுறை ஏட்டைப் படித்தார். இருபது பவுன் நன்கொடை அளிப்பவர் எவரும் நிருவாகக் குழுவின் உறுப்பினர் ஆகலாம் என அதில் இருந்தது. அவரும் அவர் நண்பர்களும் ஆளுக்கு இருபது பவுன் செலுத்தி உறுப்பினராயினர். உறுப்பினர் ஆனபின் அவர்களுக்குக் கதவை மறுக்க இயலாது. கணக்கேட்டையும் மறுக்க இயலாது. 1814-ஆம் ஆண்டு அவர் ஒரு நாள் காலையில் சென்று பூட்டிய கதவுகளைத் திறக்கச் செய்தார். சமையலறைப் பக்கம் மறைவில் இருந்த சிற்றறைகளில் வைக்கோலும் மலமும் நிறைந்திருந்தன. பன்னிரண்டு அடி நீளமும் எட்டு அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடைய ஓர் அறையில் பதின்மூன்று பெண்கள் இருந்தனர்.

அறைகளைக் காட்டிலும் ஏடுகளே காப்பகத்தைக் கவிழ்த்தன. இறந்தோர் எண்ணிக்கை 221 என அறிக்கைகள் கூறின. அவர் கணக்கிட்டுக் கண்டதோ 365. நூற்று நாற்பத்து நான்கு மனிதர் இறந்தும் இறந்தோர் பட்டியலில் இடம் பெறவில்லை. கணக்குப் புத்தகங்கள் கேட்கப்பட்டபோது காரியஸ்தர் அவற்றைத் தீயில் இட்டுவிட்டார். சினத்தின் வேகத்தில் அவ்வாறு செய்துவிட்டதாக அவர் விளக்கம் கூறினார். ஒரு மனிதன் எரிச்சலுற்றால் ஏட்டை எரிப்பானா, அன்றி ஏட்டில் இருப்பதற்கு அஞ்சி எரிப்பானா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம். அவ்வாண்டிலேயே பணியாளர் அனைவரும் நீக்கப்பெற்றனர். அடுத்து 1815-இல் நாடாளுமன்றம் ஒரு தேர்வுக் குழு அமைத்து நாடு முழுமைக்கும் விசாரணை நடத்தியது. பெட்லத்தில் இரும்புக் கச்சையிட்டுப் பல்லாண்டு பிணிக்கப்பட்டுக் கிடந்த ஜேம்ஸ் நாரிஸ் என்பாரின் நிலையும் அக்குழுவின் முன்தான் பேசப்பட்டது.

விசாரணைக்கு முன்பே, 1808-இல், மாவட்டம் போன்ற ‘கவுண்டி’கள் விரும்பினால் வரிப்பணத்தில் காப்பகம் கட்டலாம் எனச் சட்டம் வந்திருந்தது. ‘விரும்பினால்’ என்ற சொல் இருக்கும் வரை எத்தனை பேர் விரும்புவர்? 1827-இல் இருந்த கவுண்டிக் காப்பகங்கள் ஒன்பதே. 1845-ஆம் ஆண்டில்தான் அது கட்டாயமாயிற்று. ஆஷ்லி பிரபுவின் தலைமையில் நாடு தழுவிய ஆணையமும் அமைந்தது. மூன்று மருத்துவரும் மூன்று வழக்கறிஞரும் ஊதியம் பெற்று முழுநேரமும் ஊர் ஊராகச் சென்று பார்வையிட்டனர். பின்னர் ஷாப்ட்ஸ்பரி பிரபு எனப் பெயர் பெற்ற ஆஷ்லி, 1885-இல் இறக்கும் வரை நாற்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

இச்சட்டத்தால் நன்மை விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பணம் வரும் வழி விந்தையானது. கட்டடம் கட்டுவது கவுண்டியின் வரியில். உள்ளே இருப்பவரின் வாரச் செலவைக் கொடுப்பது அவரை அனுப்பிய பாரிஷ். காப்பகத்தில் ஒருவரை வைத்திருக்க ஆகும் செலவு, ஏழையர் தொழில் விடுதியில் ஆகும் செலவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே ஏழைவரிப் பொறுப்பாளர்கள் அமைதியான நோயாளரைத் தொழில் விடுதியிலேயே வைத்துக்கொண்டனர். கலகம் செய்வோரையும், காலம் கடந்து குணப்படுத்த இயலாதோரையும் மட்டும் காப்பகத்திற்கு அனுப்பினர். அபாயமான பித்தரைத் தொழில் விடுதியில் பதினான்கு நாளுக்கு மேல் வைத்தலாகாது என 1834-ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. ‘அபாயமற்றவர்’ என எழுதிவிட்டால் அச்சட்டம் பாயாது. ஒருவர் நோய் இன்னதென்பதை நாடி பார்த்துச் சொல்வதற்குப் பதில், பணப்பை பார்த்துச் சொல்லினர்.

இதனை மாற்ற எண்ணிய அரசு 1874-ஆம் ஆண்டு ஒரு மானியம் வழங்கியது. காப்பகத்தில் உள்ள ஒவ்வோர் ஏழை நோயாளருக்கும் வாரத்திற்கு நான்கு ஷில்லிங் அரசுக் கருவூலம் தரும். எடுத்துக்காட்டாக, காப்பகத்தில் வாரம் ஒன்பது ஷில்லிங் ஆகுமாயின், நான்கு கழிய ஊருக்கு ஐந்தே மிஞ்சும். தொழில் விடுதியில் வைத்திருப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது. உடனே காற்று திசை மாறியது. நேற்று வரை அமைதியானவர், அபாயமற்றவர் எனப் பெயர் பெற்ற முதியோரும் ஊனமுற்றோரும் காப்பகங்களை நோக்கி அனுப்பப்பெற்றனர். தலைக்கு இவ்வளவு என மானியம் வரும் இடத்தில் தலைகள் பெருகும். வருகைப் பதிவேட்டையும் அரிசி இருப்பையும் நாள்தோறும் ஒப்பிட்டுக் கையொப்பமிடும் நம் போன்ற தலைமையாசிரியர்கட்கு இது விளக்க வேண்டாத செய்தி.

எண்களைக் காண்க. 1850-இல் கவுண்டி, நகரக் காப்பகங்கள் 24, நோயாளர் 7,140. 1870-இல் காப்பகங்கள் 50, நோயாளர் 27,109. 1890-இல் காப்பகங்கள் 66; நோயாளர் 52,937. ஒரு காப்பகத்தில் சராசரியாக 1827-இல் 116 பேர் இருந்தனர். 1890-இல் 802 பேர். ஆங்கிலேயர்க்குப் பித்து மிகுந்துவிட்டதோ என அக்காலத்து அறிஞர் கவலையுற்றுக் கட்டுரைகள் வரைந்தனர். பெருக்கத்திற்குக் காரணம் பல உண்டு. நான்கு ஷில்லிங்கும் அவற்றுள் ஒன்று. எண்ணூறு பேருக்கு ஒரு சில மருத்துவர் என ஆனபின், ரிட்ரீட் இல்லத்தில் கண்ட அன்பு முறைக்கு இடம் ஏது? ஜான் கொனோலி 1839-இல் ஹான்வெல் காப்பகத்தில் கட்டும் விலங்கும் ஒழித்தவர். அத்தகையோரின் உழைப்பும் இக்கூட்டத்தில் கரைந்தது.

மற்றொரு கணக்கும் உண்டு. நோயாளர் வயலில் உழுதனர், துணி வெளுத்தனர், ஆடை தைத்தனர், அடுப்படியில் உழைத்தனர். வேலை மனத்திற்கு மருந்து என மருத்துவர் கூறினர். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அம்மருந்தால் காப்பகத்தின் வாரச் செலவு குறைந்தது; உழைத்தவர்க்குக் கூலி இல்லை. சிறிது புகையிலை, தேநீர், பீர் என்பனவே ஊக்கப்பொருள். நன்கு உழைப்பவரை வீட்டிற்கு அனுப்பினால் காப்பகத்திற்கு ஒரு கை குறையும் என்பதையும் சேர்த்தெண்ணுக. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், நோயாளரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கலாகாது எனவும், வேலை செய்தால் தக்க ஊதியம் அளித்தல் வேண்டும் எனவும் விதிக்கின்றது. கூலியற்ற அவ்வுழைப்பின் நீண்ட வரலாறு அறிந்தார்க்கே இவ்விதியின் அருமை விளங்கும்.

இனி 1858. சிப்பாய்ப் புரட்சி அடங்கி, கம்பெனியிடமிருந்து ஆட்சி அரசியின் கைக்கு மாறிய அவ்வாண்டில் மூன்று சட்டங்கள் அடுத்தடுத்து இயற்றப்பெற்றன. முப்பத்து நான்காம் சட்டம் சென்னை, கல்கத்தா, பம்பாய் உயர் நகரங்களில் சொத்துள்ள பித்தரைப் பற்றியது. முப்பத்தைந்தாம் சட்டம் வெளி மாவட்டங்களில் சொத்துள்ள பித்தரைப் பற்றியது. முப்பத்தாறாம் சட்டம் காப்பகங்களைப் பற்றியது. மூன்றில் இரண்டு சொத்துக்கு, ஒன்று ஆளுக்கு! சான்சலரின் நீதிமன்றமும் பாரிஷ் ஏடும் என இங்கிலாந்தில் கண்ட இரு வழிகளே கப்பலேறி வந்தன. 1912-ஆம் ஆண்டின் நான்காம் சட்டம் இவற்றை ஒன்றாக்கியது. அது 1987-இல் இயற்றப்பெற்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வரும் வரை நீடித்தது.

சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே வாலண்டைன் கொனோலி என்னும் கம்பெனி மருத்துவர் ஒரு பித்தர் விடுதியைக் கட்டிக் கம்பெனிக்கே வாடகைக்கு விட்டிருந்தார். மருத்துவரே வீட்டுக்காரர். கம்பெனியின் ஐரோப்பிய நோயாளரோ 1818 முதல் இலண்டன் அருகே ஹாக்னியில் இருந்த பெம்புரோக் மாளிகைக்குக் கம்பெனி செலவில் கப்பலில் அனுப்பப்பெற்றனர். ஆளும் இனத்தார் பித்தராய்த் திரிவதை ஆளப்படுவோர் காணலாகாது என்ற எண்ணமும் அதில் உண்டு. 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்தில் புதிய காப்பகம் திறக்கப்பெற்றது. அதுவே இன்றைய அரசு மனநல மருத்துவமனை. சென்னை, கள்ளிக்கோட்டை, விசாகப்பட்டினம் ஆகிய மூவிடத்துக் காப்பகங்கட்கும் ஆண்டறிக்கைகள் அச்சிடப்பெற்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அக்காலத்து அரசு ஏடுகளைக் காணலாம். இவ்வறிக்கைகள் பலவற்றை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்திலும் வைத்துள்ளது. நம் கல்லூரி மாணவர் எவரேனும் அவற்றைத் திறப்பாராயின், முன்னுரையை விடுத்து முதலில் பின்பக்கத்து அட்டவணைகளுக்குச் செல்க. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் இறந்தனர், உணவுக்குத் தலைக்கு என்ன ஆயிற்று, நோயாளர் உழைப்பால் வந்தது எவ்வளவு என்பன அங்கு வரிசையாக உள்ளன. ஒரு காகிதமும் எழுதுகோலும் உடன் வைத்துக்கொள்க. கூட்டுத்தொகைகளைத் தாமே ஒருமுறை கூட்டிப் பார்க்க.